நூல்வழிக்குத் தெற்கு

ராயக்கோட்டைக்கு மேற்கே இருக்கும் ஒரு புஞ்சைக்குக்
கிரயப் பத்திரம். ஓரமெல்லாம் செல்லரித்தது.
நான்கெல்லை சொல்லும் இடத்தில்
எழுதியவரின் பேனா ஒரு கணம் நின்று
மை திட்டாகிப் பிறகு நகர்ந்திருக்கிறது:
"நூல்வழிக்குத் தெற்கு,
திம்மராயன் புஞ்சைக்கு மேற்கு,
இதன் மத்தியில் ராகி விளையும் ஏக்கர் இரண்டே கால்."

நூல்வழி என்றால் என்ன?
கோர்ட்டில் கேட்டார்கள்.
நான் சர்வேயர்.
வண்டிப்பாதை தெரியும், ஓடைப் புறம்போக்கு தெரியும்.
இந்தச் சொல் எங்கள் பதிவேடு எதிலும் இல்லை
என்று எழுதிக் கொடுத்தேன்.
"ஊரில் இருக்கும், போய்க் கேளுங்கள்" என்றார் நீதிபதி.

கேட்டேன்.

கொத்தனார் பெரியதம்பி கரணையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:
"கடக்கால் தோண்டறதுக்கு முன்ன
ரெண்டு முளை அடிச்சு நூல் கட்டுவோமில்ல,
அப்படிப் போற வழி. வேறென்ன?"
தர்மபுரி அங்காடிக்குப் பட்டுக்கூடு ஏற்றிக்கொண்டிருந்தவர்
"ஒரே இழை, அறுந்துபோவாம வரணும்,
அதுதாங்க" என்றார்.
பத்திரம் பழசு, அவர் தொழிலோ நேற்று வந்தது.
இருந்தாலும் குறித்துக்கொண்டேன்.
பேருந்து நிறுத்தத்தில் ஒருவர்
அது நூல்வழியே இல்லை, நூறுவழி,
எழுத்துப் பிழை என்று
அரைமணி நேரம் நிரூபித்தார்.

காலனியில் மாதம்மாள்
தக்காளிக் கூடைக்கு அடியில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள்.
பிறந்த கதை எதையும் அவள் சொல்லவில்லை.
"எங்க மாமன் பொணம் அதுலதான் போச்சு.
இங்கேர்ந்து சுடுகாடு, நேரா.
அத்த போனப்ப முள்ளுக்கம்பி கட்டிட்டாங்க.
ஏரிக்கரையச் சுத்தி, மழயில,
பாடைய நாலு எடத்துல எறக்கி வெச்சோம்.
ஒரு எடத்துல ஜனமே சறுக்கி வுழுந்துச்சு."

பிறகு, போகிற போக்கில்:
"இப்பவும் யாராச்சும் செத்தா
நூல்வழி போயிட்டாங்கன்னுதான் சொல்லுவோம்.
வழி இல்லாட்டி என்ன.
போன மாசம் பச்சியப்பன் நூல்வழி போனான்.
போனது என்னவோ ஏரிக்கரையச் சுத்தித்தான்."

மறுநாள் முளை அடித்தோம்.
சங்கிலியாள் ஏகன் நூலை இழுத்துக்கொண்டே போனான்,
நூறு நூறு மீட்டராக.
தக்காளிக் கொம்புகளுக்கு மேலே,
மோட்டார் அறையின் தகரத்தைத் தொட்டு,
ஒரு பெங்களூரா மாமரத்தின் கவட்டைக்குள்.
அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஏரியைச் சுற்றினால் மூவாயிரத்துக்கு ஏழு குறைவு.

நிலக்காரர் மகன் பைக்கை நிறுத்தாமலே கேட்டான்:
"என்ன மேடம், வீடு கட்டப் போறீங்களா?"
ஏகன் என்னைப் பார்த்தான்.
எவ்வளவு இழுத்துக் கட்டியும்
நூல் நடுவில் கொஞ்சம் தொய்ந்தே இருந்தது.
காற்றுக்கு லேசாக முனகியது.
மாதம்மாள் வரப்பிலேயே நின்றாள்.
கூப்பிட்டும் கம்பியைத் தாண்டி வரவில்லை.

அறிக்கையில் எழுதினேன்:
இச்சொல் வழக்கில் உள்ளது.
எழுதிவிட்டுச் சிரிப்பு வந்தது, எந்த வழக்கில்?
அடித்துவிட்டு, மக்கள் பேச்சில் உள்ளது என்று மாற்றினேன்.
பொருள் என்ற இடத்தில்
'இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறைந்த தூரம்'
என்று வந்தது.
பள்ளிக்கூடத்தில் படித்த வாக்கியம்.
அதை அடிக்கவும் மனசில்லை, விடவும் மனசில்லை.
ஓரத்தில் பென்சிலால்: பிணம் போகும் தூரம்.

வாய்தா. அதற்குப் பிறகும் வாய்தா.

மூன்று வாரம் கழித்து முளைக்கல் பார்க்கப் போனேன்.
நூல் இல்லை.
வெட்டி எடுத்து, முழம் முழமாக,
சாய்ந்த தக்காளிச் செடிகளை
கொம்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.
முடிச்சு ஒவ்வொன்றும் நன்றாகவே போட்டிருந்தது.
செடிகள் நிமிர்ந்து நின்றன,
வரிசை கோணாமல்.